கடைசித் தொன்னை

அரிசி மண்டியில் இப்போதெல்லாம் 26 கிலோ சிப்பம்தான் கிடைக்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், வியாபாரிகள் மூட்டையில் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் வேங்கிக்கால் வீடுகளில் அந்த 26 கிலோவுக்கு வேறொரு கணக்கு ஓடும். ஒரு கிலோ அரிசிக்குப் பத்துத் தொன்னை. சிப்பத்துக்கு இருநூற்று அறுபது. பருப்பும் காயும் சேர்ந்து பெருகுவதில் இன்னும் நாற்பது தேறும். ஆக, சிப்பத்துக்கு முந்நூறு பேர். “ரெண்டு சிப்பம் போட்டுடலாமா?” என்பதுதான் அன்னதானம் செய்ய உட்காரும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி. யார் கிண்டுவது என்பது இரண்டாவது.

வேலூர் சாலையில் வருகிறவர்களுக்குத் திருவண்ணாமலையின் தலைவாசல் வேங்கிக்கால். ஒரு பெரிய ஏரி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அதைச் சுற்றி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனபோது அதோடு சேர்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. மொட்டை மாடிக்குப் போனால் மலை தெரியும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத் தெரியும். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர உச்சியில் கொப்பரை எரியும்போது கீழே நிற்கிற கூட்டத்தைத் தனித்தனியாக எண்ண முடியாது, லட்சங்களில்தான் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பால், காய்கறி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டோடு அடைந்து கிடக்கலாம். இல்லையென்றால் அடுப்பை மூட்டலாம்.

அடுப்பை மூட்டாமலும் புண்ணியம் தேடலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமிழகக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய அன்னதானத் திட்டம் முதலில் மதியச் சாப்பாட்டோடு நின்றது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுக்கச் சோறு போட ஆரம்பித்தார்கள். 2022 டிசம்பர் 31-ல் ராமேஸ்வரம், மதுரையோடு திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பணம் கட்டிவிட்டால் போதும். பிள்ளையின் பிறந்தநாளோ அப்பாவின் திதியோ, குறித்த நாளில் யாரோ சமைப்பார்கள், யாரோ பரிமாறுவார்கள், கையில் ரசீது வரும். குறையே இல்லாத ஏற்பாடு.

அப்படியிருந்தும் சில குடும்பங்கள் பாத்திர வாடகைக் கடைக்குப் போய் அண்டா எடுக்கின்றன. விடுமுறை போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கின்றன. அந்தப் பிடிவாதத்துக்கு இந்த மலையடிவாரத்தில் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட முன்கதை உண்டு.

அழகம்மாள் ஏற்றிய உலை

வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். இரண்டு வருஷம் கழித்து அம்மா அழகம்மாள் தேடி வந்து, வீட்டுக்கு வாடா என்று அழுதார். பிள்ளை அசையவில்லை. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அழைத்த அந்தப் பிள்ளையோடு, 1916-ல் அம்மாவே வந்து தங்கிவிட்டார்.

அதுவரை மலைமேல் அடுப்பு கிடையாது. விருபாட்ச குகையில் ரமணரோடு இருந்தவர்கள் ஊருக்குள் இறங்கிப் பிச்சை எடுத்து வருவார்கள். கிளம்பும்போது சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் சோற்றோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு சிலரும் ரமணரின் ஆட்கள் மாதிரி முன்கூட்டியே போய் வாங்கிக்கொண்டுவிட, அடையாளத்துக்குப் பாட ஒரு பாட்டு கேட்டார்கள் என்றும், அப்படிப் பிறந்ததுதான் அட்சரமணமாலை என்றும் ஆசிரம மரபில் சொல்வார்கள். பெரிய ஞானப் பனுவலுக்குப் பின்னால் ஒரு சோற்றுத் தகராறு இருந்திருக்கிறது என்பது எவ்வளவு நிம்மதியான செய்தி!

அழகம்மாள் வந்ததும் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு எரிய ஆரம்பித்தது. தம்பி நாகசுந்தரமும் பின்னாலேயே வந்து சேர, துறவி ஓடி வந்த மலையில் ஒரு குடும்பம் கூடிவிட்டது. ஆசாரத்தில் ஊறிய அம்மாவை மகன் வெங்காயத்தைச் சொல்லிக் கேலி செய்வாராம், மோட்சத்துக்குக் குறுக்கே நிற்பது அதுதானே என்று. 1922 மே 19-ல் அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் ரமணரும் இறங்கி வந்து அங்கேயே இருந்துவிட்டார். இன்று வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வரும் ரமணாசிரமம், சோறாக்கிப் போட்ட ஓர் அம்மாவின் சமாதியைச் சுற்றி வளர்ந்தது.

அவருக்கும் முன்பே வந்தவர் எச்சம்மாள். போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூர்க்காரர். இளம் வயதிலேயே கணவரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு, பெற்ற துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் மலையேறியவர். ஊருக்குள் ஒரு வீடு எடுத்து, தினமும் சமைத்து, மலைமேல் சுமந்துபோய்க் கொடுத்தார். 1945-ல் கண் மூடும்வரை, முப்பத்தெட்டு வருஷம் இந்தச் சுமை இறங்கவில்லை. குடும்பத்தை இழந்தவர் ஒரு குடும்பத்தைச் சமைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். காரைக்காலிலிருந்து மருமகளோடு வந்த முதலியார் பாட்டியும் அப்படித்தான். பார்வை மங்கிய பிறகும் அவர் வீட்டுச் சோறு போய்க்கொண்டிருந்தது.

ரமணரும் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொண்டவர் இல்லை. விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கெல்லாம் சமையல்கட்டுக்கு வந்து காய் நறுக்குவார், இலை தைப்பார், சட்னி அரைப்பார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் என்று அந்தச் சமையல்கட்டில் உழைத்த பெண்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால் உபதேசங்களைவிடக் காய்கறிகள்தான் அதிகம் வருகின்றன. தன் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் ரமணர் கடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் என்னவோ அதுதான் எனக்கும் என்பது அவர் கணக்கு. ஆசிரமத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் வெளியே காத்திருக்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் முதலில் போட்டுவிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நாராயண சேவை என்று பெயர்.

ஐந்து பேருக்கான கைப்பக்குவமும் முந்நூறு பேருக்கான கணக்கும்

வீட்டில் நன்றாகச் சமைக்கிறவர்தான் அண்டாவைப் பார்த்ததும் முதலில் தடுமாறுவார். ஐந்து பேருக்குப் போடுகிற மிளகாய்த் தூளை அறுபதால் பெருக்கினால் வாயில் வைக்க முடியாது. தண்ணீரும் அப்படியே. சின்னப் பாத்திரத்தில் ஆவியாகப் போகிற அளவு பெரிய அண்டாவில் போகாது. வீட்டுக் கணக்கில் ஊற்றினால் சாம்பார் சாதம் கஞ்சியாகிவிடும். உப்பு, புளி, காரம் மூன்றையும் முதலில் குறைத்துப் போட்டு, கொதி வந்த பிறகு கூட்டுவதே பெரிய சமையல்காரர்களின் முறை. சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்று நினைக்கிற வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ருசி பார்க்க முடியாது. வாசனையை வைத்து உப்பு சொல்ல வேண்டும். வயசான ஒரு மூக்கு அந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

பாட்டிக்கு அதனால் சம்பளமில்லாத பெரிய பதவி கிடைக்கிறது. தரையில் குந்த முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்குவார். அரிசியில் மூன்றில் ஒரு பங்கு பருப்பு. அதற்குக் குறைந்தால் சாதம் ஒட்டாது, கூடினால் அடிப்பிடிக்கும். அரிவாள்மனை இரண்டு, கத்தி நான்கு. பூசணி, கத்தரி, முருங்கை, கேரட். சின்ன வெங்காயம் ருசிதான், ஆனால் பத்துக் கிலோ உரிப்பதற்குள் கண் வற்றிவிடும். பெரிய வெங்காயத்துக்கு இறங்கி வந்துவிடுவார்கள். சில வீடுகளில் விரத நாள் என்று வெங்காயமே கிடையாது. அந்தப் பேச்சுவார்த்தையை மாமியாரும் மருமகளும் முந்தின வாரமே முடித்திருப்பார்கள்.

கிண்டுகிற வேலை ஆண்களுக்கு. இது கவனிக்க வேண்டிய விஷயம். மற்ற நாட்களில் காபி குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத அப்பா, லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆளுயரத் துடுப்போடு அண்டா முன்னால் நிற்கிறார். பருப்பும் அரிசியும் சேர்ந்து இறுகும் நேரத்தில் துடுப்பு நகராது. தோள்பட்டை எரியும். “அடியிலேர்ந்து எடுத்துக் கிண்டுங்க, மேலாப்பல தடவாதீங்க” என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். இருபது வருஷமாக இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பது இருபது நிமிஷத்தில் வெளிச்சமாகிவிடும். அடுத்த நாள் வீட்டுச் சமையல்கட்டில் அவர் எதையாவது கழுவி வைத்தாரா என்று கேட்டால், பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

அடிப்பிடிக்காத அன்னதானம் இல்லை. வாடை வந்ததும் ஒரு விதி: சுரண்டாதே. தீயை அணைத்துவிட்டு, மேல்சோற்றை மட்டும் அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பதறிப்போய்க் கிண்டினால் கருகல் வாடை மொத்தச் சிப்பத்துக்கும் ஏறும். முந்நூறு பேர் சாப்பாடு அந்த ஒரு நிமிஷத்தில் தப்பிக்கும் அல்லது போகும்.

அதன்பிறகு நேரத்தோடு போட்டி. வெந்த சோறு சூடாக இருக்கும்வரை நல்லது. வெதுவெதுப்பில் கிடந்தால் ஆபத்து. அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, இளஞ்சூட்டில் முளைத்து, நஞ்சைக் கக்கும். திருப்பிச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. 60 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்து, சமைத்த சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது அதனால்தான். நம் பெரியவர்கள் வழிப்பயணத்துக்குப் புளியோதரை கட்டியதில் இந்த அறிவு இருந்தது. புளிப்பில் கிருமி சுலபமாகப் பெருகாது. தயிர் சாதம் போடுகிறவர்கள் பாலை அதிகமாக விட்டுத் தயிரைக் குறைப்பார்கள், கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகப் புளித்து நிற்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்கப் போகிற சாம்பார் சாதத்தைக் காலை எட்டு மணிக்கே இறக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிற குடும்பத்தை யாராவது தட்டி எழுப்ப வேண்டும்.

அனுமதிச் சீட்டு

பக்தியில் செய்கிற காரியத்துக்கு எதற்கு அனுமதி என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் உண்டு. தீபத் திருவிழாவுக்கு அன்னதானம் செய்ய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் வருஷா வருஷம் அறிவிக்கின்றன. அடையாள அட்டை நகல், புகைப்படம், எந்த இடம், என்ன உணவு, எத்தனை பேருக்கு. ஒதுக்கிய இடத்தில்தான் கொடுக்கலாம். கிரிவலப் பாதையிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கக் கூடாது. லட்சம் பேர் உரசிக்கொண்டு நடக்கிற சாலையோரத்தில் சிலிண்டரும் கொதிக்கிற எண்ணெயும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் இந்த விதிக்கு விளக்கமே தேவைப்படாது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் தொன்னை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு. தொன்னையிலும் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே பளபளவென்று மெழுகுத்தாள் மாதிரி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம். வீட்டில் உட்கார்ந்து இலை தைத்த காலம் போய்விட்டது. ஆனால் வேலை போகவில்லை: கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டு வரும் தொன்னைகளைக் கிழியாமல் பிரித்து, துடைத்து, அடுக்கி வைப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலாகா. ஆரம்பத்தில் விளையாட்டாக இருக்கும். நூற்றைம்பதாவது தொன்னையில் “இன்னும் எவ்ளோம்மா இருக்கு?” என்ற குரல் வரும்.

கொடுக்கிற இடத்தில் குடும்பத்தின் வேலைப் பங்கீடு மறுபடி மாறும். உயரமான ஆள் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நிதானம் உள்ளவர் கரண்டி பிடிக்க வேண்டும். முதல் நூறு பேருக்கு வாரி வாரிப் போட்டுவிட்டு, கடைசியில் கால் கரண்டிக்கு வந்து நிற்பது புதியவர்கள் செய்கிற தப்பு. “சாமி, வாங்க, சாப்ட்டுப் போங்க” என்று கூப்பிடுகிற வேலை பிள்ளைகளுக்கு. இந்த ஊரில் நடக்கிறவர் எல்லாரும் சாமிதான்; ஐ.டி. கம்பெனியிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்தவரும் சாமி, காவி கட்டியவரும் சாமி. கூச்ச சுபாவமுள்ள பையன் முதல் அரை மணி நேரம் வாயே திறக்க மாட்டான். பிறகு நிறுத்த முடியாது.

பொங்கி வழியும் நாளும் காய்ந்து கிடக்கும் நாளும்

இனி சொல்வது அன்னதானம் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். பௌர்ணமி இரவில் கிரிவலம் வருகிறவர், பாதி தூரம் போவதற்குள் பொங்கல், கேசரி, லெமன் சாதம், சுண்டல், மறுபடியும் பொங்கல் என்று வாங்கி வாங்கிக் கை வலித்துப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, பிரசாதமாயிற்றே. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டு நகர்வார். செருப்பில்லாமல் நடந்து வரும் அடுத்த ஆள் அதை மிதிப்பார். விடிந்ததும் துப்புரவுத் தொழிலாளர்கள் பாதி தின்ற சோற்றைத் தொன்னையோடு வாரி வண்டியில் ஏற்றுவார்கள். தோள் எரியக் கிண்டியதன் ஒரு பங்கு அந்த வண்டியில் போகிறது.

மறுநாள், அதற்கும் மறுநாள், பாதை காலியாக இருக்கும். மரத்தடியில் இருக்கிற வயசான சாதுவுக்கும், பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அம்மாவுக்கும், மனநிலை பிசகி அலைகிறவருக்கும் அன்றைக்கும் பசிக்கும். ஆசிரமங்களும் கோயிலும் போடுகிற இடத்துக்கு நடந்து வர முடிந்தவருக்குச் சோறு உண்டு; நடக்க முடியாதவருக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் அண்ணனோ அம்மாவோ பன்னும் டீயுமாக ஒப்பேற்றுவார்கள்.

சிப்பத்தைப் பிரித்துவிடுவதுதான் இதற்கு வழி. பௌர்ணமியன்று இரண்டு சிப்பம் போடுவதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, இன்னொன்றை மாதத்தில் நான்கு சாதாரண நாட்களில் ஆறு ஆறு கிலோவாகப் போடலாம். ஆறு கிலோ என்றால் அறுபது எழுபது பேர். அதற்கு அண்டா வேண்டாம், வீட்டில் இருக்கிற பெரிய குக்கரும் தவலையும் போதும். மாஸ்டர் வேண்டாம், பந்தல் வேண்டாம், ஸ்கூட்டரின் முன்னால் ஒரு ஹாட் பாக்ஸ் நிற்கும். ஃபிளக்ஸ் வைக்க இடம் இருக்காது என்பது ஒரு குறை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எழுபது பேருக்குச் சோறு கொண்டுபோகிறவரை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று.

இப்படிச் சின்ன அளவில், திடீரென்று, இருப்பதை வைத்துச் செய்வதற்குத் தமிழில் ஒரு மூத்த தம்பதியர் இருக்கிறார்கள். பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் வீட்டில் ஒரு மழைக்கால நள்ளிரவில் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம் என்று சொல்பவர் மனைவி. இருட்டில் தடவித் தடவிக் கணவர் வாரி வருகிறார். விறகில்லை என்றதும் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். கொல்லைக் கீரையையும் அவரே பறித்துத் தர, அந்த அம்மாள் விதவிதமாகக் கறி சமைக்கிறார். நாயன்மார் வரிசையில் கணவர் பெயர்தான் நிற்கிறது. யோசனையும் சமையலும் மனைவியுடையது. சேக்கிழார் அதை மறைக்கவில்லை, அவர் பெயரைத்தான் சொல்லவில்லை.

சோறு போட்ட பெண்ணின் பெயரைச் சீக்கியர்கள் சொன்னார்கள். குரு நானக்கின் வழியில் வந்த இரண்டாம் குரு அங்கத் தேவின் மனைவி மாதா கீவி, லங்கர் எனும் பொதுச் சமையலறையைக் கட்டி நடத்தியவர். குரு கிரந்த சாகிப்பிலேயே அவர் பெயரும், அவர் பரிமாறிய நெய் மணக்கும் பாயசமும் இடம்பெற்றிருக்கின்றன. அமிர்தசரஸ் பொற்கோயிலில் இன்று ஒரு சாதாரண நாளில் அரை லட்சத்துக்கு மேல், திருவிழா நாட்களில் லட்சம் பேர் சாப்பிடுகிறார்கள். ரொட்டி சுட இயந்திரம் வந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே தாத்தா, அம்மா, பேத்தி என்று வட்டமாக உட்கார்ந்து மாவு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. நம் ஊரில் பரிமாற ஆள் கிடைக்கும், அண்டா தேய்க்க ஆள் கிடைக்காது.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பேர். கோயிலைச் சுற்றி இருக்கும் மடங்களில் வருகிறவருக்கெல்லாம் சோறு. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். சாயங்காலம் தூக்கோடு வந்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் யாரும் மதம் கேட்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் ஏறாத தெருக்களில் வீட்டுக்கு வீடு புளிசாதம் கட்டிப் பொட்டலமாக அனுப்பினார்கள். அப்போது யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அடுத்த வீட்டில் கேட்டது.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ம் தேதி தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அதை எரிய வைக்க அரிசியும் விறகும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. வேங்கிக்கால் வீட்டுப் பின்கட்டில் செங்கல் அடுக்கி வைத்த கோட்டை அடுப்புக்கு அந்த ஆயுசு இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் தெளித்து அணைத்தாக வேண்டும்.

அதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். கடைசித் தொன்னையை வாங்கியவர், “இன்னொண்ணு இருக்குமா?” என்று கேட்டிருப்பார், பின்னால் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பார். வீட்டுக்காரர்களுக்கு என்று தனியாக எடுத்து வைத்த டிபன் கேரியர் திறக்கும். அதிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு சாக்குப் பையோடு நூறடி தூரம் முன்னும் பின்னும் நடந்து, கீழே கிடக்கிற தொன்னைகளைப் பொறுக்குவார்கள். தாங்கள் கொடுத்தது எது, பக்கத்துப் பந்தலில் கொடுத்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்தான் பொறுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அண்டாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தலைச் சுரண்டுவார்கள். அதைத் தயிர் விட்டுப் பிசைந்து, ஆளுக்கு ஒரு கவளம் பாட்டி கையில் போடுவார். பசியில் அது என்னமோ ருசியாகத்தான் இருக்கும். பையன் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பான்.

காலையில் பாத்திர வாடகைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணி வாங்குவார். அண்டா இரண்டு, தாம்பாளம் நான்கு, வாளி ஆறு, துடுப்பு ஒன்று. கரண்டி எட்டு கொடுத்தது, ஏழுதான் வந்திருக்கிறது. அப்பா வீட்டுக்குப் போன் போடுவார். அம்மா வீடெல்லாம் தேடிவிட்டு, நேற்று நின்ற இடத்திலேயே இருக்கும், போய்ப் பாருங்கள் என்பார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போவார். பந்தல்கள் பிரித்தாகிவிட்டன. துடைப்பத்தோடு ஓர் அம்மாள் ஓரமாகக் கூட்டிக்கொண்டிருப்பார். அவருடைய தள்ளுவண்டியின் கைப்பிடியில், யாராவது தேடி வருவார்கள் என்று, அந்தக் கரண்டி கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும்.

“சாப்ட்டீங்களாம்மா?” என்று அப்பா கேட்பார்.

“இன்னும் இல்ல சாமி. இதை முடிச்சிட்டுத்தான்.”